நெற்றிப்பட்டம் பஸ்ஸில் வருகிறது

சித்த அந்தக் காலை அக்கட்டால நகத்திக்குங்க. பையைக் கீழ வைக்க முடியாதுங்க. வெச்சா இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு அது கண்டக்டர் மடில போய் உக்காந்துக்கும்.

குண்டெல்லாம் இல்லைங்க, பயப்படாதீங்க. குதிரையோட நெத்திப்பட்டம். கண்ணாடிச் சில்லு வெச்சுத் தெச்சது. அதுக்கடியில முதுகுத் துணி, சிவப்பு வெல்வெட்டு. அதுக்கும் அடியில சலங்கை. அதுதான் ஒவ்வொரு குழிக்கும் சிலுங்குது. குதிரை எங்கேன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. பெருந்துறை பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரன்கூடக் கேட்டான். குதிரை லாரில போகுதுங்க. நான் பஸ்ல போறேன்.

சிரிங்க, பரவால்லை. டீக்கடைக்காரனும் சிரிச்சான்.

நீங்க கோபிக்குத்தானே? பட்டுச்சட்டையைப் பாத்தாலே தெரியுது. எந்த மண்டபம்? அட! அதே கண்ணாலந்தானுங்க. மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா? பொண்ணு வீடு. அப்பச் சரி, மாப்பிள்ளையைப் பத்தித் தாராளமாப் பேசலாம். பொழுதோட ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. உங்க மாப்பிள்ளை எங்க குதிரை மேலதான் வர்றாரு. போன வாரம் நேர்ல வந்து குதிரையைப் பாத்துட்டுப் போனாரு. "கடிக்குமா?"ன்னாரு. "உதைக்குமா?"ன்னாரு. "நான் மேல உக்காந்ததுக்கப்பறம் அதா நடக்க ஆரம்பிச்சுருமா?"ன்னாரு. கட்டிக்கப்போற பொண்ணைப் பத்தி இத்தனை கேள்வி கேட்டிருப்பாரான்னு தெரியலை.

என் பேரு வெள்ளியங்கிரிங்க. சென்னிமலைக்குப் பக்கம். முப்பது வருஷம் ஜல்லி லாரி ஓட்டுனேன், சொந்த லாரி. கிரஷர்ல ஏத்தறது, வேலை நடக்கற எடத்துல கொட்டறது. முப்பது வருஷத்துல ஒரு ஜல்லிக்கல்லாச்சும் "மெதுவாப் போ"ன்னு சொல்லுச்சுங்களா? "நான் ஏறமாட்டேன்"னு காலை ஊணி நின்னுச்சுங்களா? ஜல்லி மாதிரி நல்ல ஜீவன் இந்த உலகத்துல கெடையாதுங்க. பொண்டாட்டி பிள்ளைக அந்த மாதிரி அமைஞ்சா எவனும் சாமியாராப் போகமாட்டான்.

முதுகு வலி வந்து பெரிய லாரியை வித்தேன். மினி லாரி ஒண்ணு வாங்கினேன். அதை வெச்சு என்ன பண்றதுன்னு யோசிச்சேன். இப்பத்தான் எல்லா மாப்பிள்ளையும் குதிரைல வரணும்ங்கறானே. எருமை மேல உக்காந்து பழகுனவனுக்கெல்லாம் குதிரை கேக்குது. சரி, குதிரை ஒண்ணு வாங்குவோம், நம்ம லாரிலயே ஏத்திட்டு ஊர் ஊராப் போவோம்னு போன ஆடிக்கு அந்தியூர் சந்தைக்குப் போனேன்.

குதிரை வாங்கறப்ப நீங்க என்ன பாப்பீங்க? பல்லைப் பாப்பீங்க, குளம்பைப் பாப்பீங்க. அது வெவரம் இல்லாதவன் பாக்கறது. வெவரம் தெரிஞ்சவன் சுழி பாப்பான். குதிரை உடம்புல அங்கங்க மயிர் வட்டமாச் சுத்தியிருக்கும்ல, அது. எந்த எடத்துல இருந்தா குடும்பம் தழைக்கும், எந்த எடத்துல இருந்தா குடும்பம் சந்திக்கு வரும்னு அதுல எல்லாம் இருக்குது. எங்கூருல அப்பாச்சின்னு ஒரு பெரியவரு, சுழி பாக்கறதுல கெட்டிக்காரரு. அவரையும் கூட்டிட்டுப் போனேன். இந்த வெள்ளைப் பெட்டையை ஒண்ணரை மணி நேரம் பாத்தாரு. நெத்தியைப் பாத்தாரு, கழுத்தைத் தடவுனாரு, வயித்துக்கடியில குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தாரு. எனக்குப் பொண்ணு குடுக்கறப்ப என் மாமனார் என்னை அஞ்சு நிமிஷந்தான் பாத்தாரு, அதுலயும் பாதி நேரம் லாரியைப் பாத்தாரு. அப்பாச்சி எந்திரிச்சு, "குத்தமே இல்லை வெள்ளியங்கிரி, நெத்தில ராசாச் சுழி"ன்னாரு. வாங்கிட்டேன். மகாராணின்னு பேரும் வெச்சுட்டேன்.

அப்பறம் ஏத்தணும்ல? ஏத்தறதுன்னா அது ஒரு வித்தைங்க. சந்தைல ஆறு பேரைப் புடிச்சேன். ரெண்டு பேரு முன்னால நின்னு தலைக்கயித்தை இழுக்கறாங்க. ரெண்டு பேரு பின்னந்தொடைக்குக் குறுக்க வடக்கயித்தைப் போட்டு நெருக்கறாங்க. ஒருத்தன் காதைத் திருகறான். ஒருத்தன் வாலை முறுக்கறான். நான் மேற்பார்வை. என் துண்டை அவுத்து அது கண்ணைக் கட்டிவிட்டேன். "வெள்ளியங்கிரி, இழுக்கட்டுமா?"ங்கறான் ஒருத்தன். "இழு!"ங்கறேன். "வெள்ளியங்கிரி, ஒண்ணு போடட்டுமா?"ங்கறான் இன்னொருத்தன். "போடு!"ங்கறேன். வெள்ளியங்கிரி, வெள்ளியங்கிரின்னு அன்னைக்குச் சந்தை பூரா என் பேருதான். மூணே நிமிஷம். குதிரை உள்ள. ஏறுச்சான்னு கேட்டா, உள்ள இருந்துச்சு. அவ்வளவுதான் நமக்கு வேணும். பின்கதவைச் சாத்துறப்ப பின்னங்கால்ல லேசாப் பட்டுருச்சு. லேசாத்தான். தகரத்துல கொஞ்சம் ரத்தம் இருந்துச்சு, தொடைச்சாப் போயிருச்சு.

ஒண்ணேகால் மணி நேரத்துல ஊரு வந்து சேந்தேன். பவானி தாண்டி ஒரு வளைவுல எருமை ஒண்ணு குறுக்க வந்துச்சு. அழுத்துனேன் பிரேக்கை. பின்னால டமார்னு ஒரு சத்தம். முப்பது வருஷப் பழக்கம் பாருங்க, நான் திரும்பிக்கூடப் பாக்கலை. ஜல்லி அப்படித்தான், முன்னால சரியும், அப்பறம் அதாப் பரவிக்கும்.

வீட்டு வாசல்ல என் சம்சாரம் மயிலாத்தா ஆரத்தித் தட்டோட நிக்கறா. கதவைத் தொறந்தா, மகாராணி முன்னங்கால் ரெண்டையும் மடக்கி மண்டி போட்டிருக்குது. முட்டி ரெண்டும் தோல் உரிஞ்சு கெடக்குது. மயிலாத்தா தட்டைக் கீழ வெச்சா. "ஏனுங்க, இதைக் கூட்டிட்டு வந்தீங்களா, கொட்டிட்டு வந்தீங்களா?"ன்னா. உள்ள போய் மஞ்சளை அள்ளிட்டு வந்து அது முட்டிக்குப் பூச ஆரம்பிச்சுட்டா. ஆரத்தி எடுக்கவே இல்லை. அங்கதான் சகுனம் கெட்டுதுன்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

ஐயோ! பாத்தீங்களா, எப்படிப் போடறான் பிரேக்கு! அந்தப் பொம்பளை கைக்கொழந்தையோட நிக்குது. கம்பியைப் புடிச்சதால தப்பிச்சுது. ஏனுங்க டிரைவரு, மனுசங்க வர்ற வண்டிங்க இது! காதுல வாங்குனானா பாருங்க.

எங்க விட்டேன்? ஆங். அதுக்கப்பறம் மகாராணி லாரி ஏறலைங்க. மொதக் கண்ணாலம் வெள்ளகோயில்ல. லாரியைப் பாத்ததும் நாலு காலையும் நட்டுட்டு நின்னுச்சு. ஊருக்குள்ள ஆறு பேரைப் புடிச்சேன். பின்னால கயிறு போட வந்தவனுக்கு முன்பல்லு போச்சு. அந்த மாப்பிள்ளை கடைசில ஸ்கூட்டர்ல வந்து எறங்கினான். தலைல தலப்பா, கைல வாளு, பின்சீட்டுல. முன்னால ஓட்டறது அவன் சித்தப்பன். இன்னும் அந்தக் குடும்பம் என்னைக் கண்டா ரோட்டுக்கு அந்தப்பக்கம் போயிரும்.

பக்கத்து ஊருன்னா நடத்தியே கூட்டிட்டுப் போவேன். அது பாட்டுக்கு நடக்கும். பதினஞ்சு கிலோமீட்டர் நடக்கும். கொட்டுக்குப் பயப்படாது, வேட்டுக்குப் பயப்படாது. லாரிப் பின்கதவு கிறீச்னா மட்டும் உடம்பெல்லாம் நடுங்கும். என்னடா இதுன்னு மறுபடி அப்பாச்சியைக் கூப்பிட்டேன். அவரு பொறுமையாத் தேடுனாரு. பிடரி மயிரை விலக்கி, "இந்தா இருக்குது பாரு, பாடைச் சுழி"ன்னாரு.

"போன ஆடிக்கு இல்லீங்களே?"

"அப்ப மயிரு மறைச்சிருந்துச்சு."

நெத்தி, பிடரி, விலா, வாலடி எல்லாம் பாத்துட்டோம். முட்டியை மட்டும் யாரும் பாக்கலை. முட்டில சுழி இருக்காதுங்க.

பத்து மாசம் தீனி போட்டேன். இந்த ஆனி மாசம் முடிவு பண்ணிட்டேன். எங்கூருல இருந்து மூணு கிலோமீட்டர்ல செங்கல் சூளை இருக்குது. சூளைக்காரன் மண்ணு வண்டி இழுக்கக் குதிரை கேட்டான். லாரியே வேண்டாம், நடத்திக் கூட்டிட்டுப் போயிரலாம். அங்க போன குதிரை எத்தனை மாசம் நிக்கும்னு கேக்காதீங்க. நானும் கேக்கலை.

மயிலாத்தா குறுக்க வந்தா. அவ அங்கன்வாடில ஆயாங்க. இருவத்திரெண்டு வருஷம். மூணு வயசுப் பிள்ளைகளுக்கு மூக்குத் தொடைக்கற வேலை. "ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் விடுங்க. நான் ஏத்திக் காட்டறேன்"னா.

"கண்ணாலத்துக்கு ஏறிப் போகணும். போனா மட்டும் பத்தாது, திரும்பி வரவும் ஏறணும். இல்லைன்னா மறுநாளே சூளை"ன்னேன்.

"சரிங்க. ஏறிட்டா?"

"அது ஏறுச்சுன்னா நான் பஸ்ல வர்றேன்"னேன். திண்ணக்கமாச் சொன்னேன். அக்கம்பக்கத்துல நாலு பேரு கேட்டுட்டு இருந்தாங்க.

"இதை ஞாபகம் வெச்சுக்கறேன்"னா.

அப்பறம் அவ செஞ்ச கூத்தை நீங்க கேக்கணுங்க. வயித்து வலி வரும். மொத நாள் லாரியைப் பின்னால எடுத்து தோட்டத்து மண்மேட்டோட ஒட்டி நிறுத்தச் சொன்னா. படி ஒரு ஜாண்தான் இருந்துச்சு. ரெண்டு பக்கக் கதவும் தொறக்கணும், முன்னால தார்ப்பாயும் சுருட்டணும். ஏன்னா, "உள்ள இருட்டா இருந்தா எந்தப் பிள்ளைதான் உள்ள வரும்?" சரின்னு எல்லாம் பண்ணியாச்சு. இப்ப ஏத்துவான்னு நான் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்தா, அவ கொள்ளுச் சட்டியை லாரிக்குப் பத்தடி முன்னால வெச்சா. குதிரை தின்னுச்சு. கூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டா!

"எங்கடி போற?"ன்னேன்.

"மொத நாள் பத்து நிமிஷந்தானுங்க. அழுகை வர்றதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பிரணும். அப்பத்தான் மறுநாள் வரும்"ங்கறா.

இப்படியே நாலு நாள். சட்டி தெனம் ரெண்டடி முன்னால போகும். லாரிக்குள்ள போறதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சுரும்னு நெனச்சேன். ஆறாம் நாள் ஒத்தக் காலைத் தூக்கி லாரில வெச்சுது. வெச்சுருச்சுங்க! அடுத்த காலையும் இழுத்துப் போட வேண்டியதுதானே? இவ என்ன பண்றா, கயித்தை லூசா விட்டுட்டு, "சரி கண்ணு, போதும்"னு அதைப் பின்னால எறக்கறா. ஏறுனதை எறக்கறா! முப்பது வருஷத்துல நான் ஏத்துன ஒரு கல்லை எறக்கிவிட்டுட்டு "போதும்"னு சொன்னதில்லைங்க.

"எறங்க முடியும்னு அதுக்குத் தெரியணுமுங்க. தெரிஞ்சாத்தான் ஏறும்"ங்கறா.

இது எந்த ஊரு நியாயம்? ஆனா பாத்தீங்கன்னா, மறுநாள் ரெண்டு காலு. அதையும் எறக்குனா. அதுக்கு மறுநாள் மறுபடி ஒத்தக் காலுதான். நான் கைகொட்டிச் சிரிச்சேன். அவ மறுபடி ஒத்தக் கால்ல இருந்து ஆரம்பிச்சா. இழுக்க மாட்டா. முன்னால நின்னு மூஞ்சியை மொறைக்க மாட்டா. தோளுக்குப் பக்கத்துல நிப்பா, அது நின்னா நிப்பா, அது நகந்தா நகருவா. பின்னால ஒருத்தரும் நிக்கக்கூடாது. நான் நின்னா, "ஏனுங்க, தண்ணி மோட்டார் ஓடுதான்னு பாத்துட்டு வாங்களே"ம்பா. ஒரு மாசத்துல அந்த மோட்டாரை நான் பாத்த மாதிரி எவனும் பாத்திருக்க மாட்டான்.

ஆடி பதினெட்டுக்குள்ள நாலு காலும் உள்ள. உள்ளயே நின்னு சோளத்தட்டு திங்குது. சரி, இப்ப ஓட்டிப் பாக்கணும். நான் சாவியை எடுத்தேன். மயிலாத்தா சாவியைப் புடுங்கி அவ தம்பி சம்பத்து கைல குடுத்தா. சம்பத்து பால் வண்டி ஓட்டறவன். கேன்ல பால் தளும்பக்கூடாதுன்னு நத்தை மாதிரி ஓட்டிப் பழகுனவன். அவன் ஓட்டுனா சைக்கிள்காரன் பின்னால இருந்து பெல் அடிப்பான்.

"நான் என்ன லாரி ஓட்டத் தெரியாதவனா?"ன்னேன்.

"ஏனுங்க, ஒருக்கா நீங்க பின்னால நின்னு வாங்க"ன்னா.

"எதுக்கு?"

"சும்மாத்தானுங்க. கையை மட்டும் முதுகுக்குப் பின்னால கட்டிக்குங்க."

"கையை எதுக்குடி கட்டணும்?"

"கம்பி பிடிக்க அதுக்குக் கையா இருக்குது?"

பொம்பளைகிட்ட வாயைக் குடுத்துட்டுப் பின்வாங்க முடியுங்களா? ஏறுனேன். கையைக் கட்டுனேன். "டேய் மாப்ளே, நான் ஓட்டற மாதிரியே ஓட்டு, உன் பால் வண்டி வேகத்துல ஓட்டாதே"ன்னேன். அது என் கொழுப்புத்தான். பயலும் அழுத்துனான். எங்க ஊரு நால்ரோட்டுல ஒரு வேகத்தடை இருக்குது. நான் விழலைங்க. உக்காந்தேன். முட்டி போட்டு உக்காந்தேன். தகரம் பாருங்க, வழுக்கும். ரெண்டு முட்டியும் லேசாச் சிராய்ச்சிருச்சு. சம்பத்து வண்டியை நிறுத்திட்டுப் பின்கண்ணாடி வழியா எட்டிப் பாக்கறான். "மச்சான், அப்பாச்சியை வரச் சொல்லட்டுமா? உங்களுக்கும் பிடரில என்னமோ இருக்குமாட்ட இருக்குது"ங்கறான்.

அதனாலதானுங்க காலை நகத்தச் சொன்னேன். முட்டி மடங்கலை இன்னும்.

மயிலாத்தா எனக்கும் மஞ்சள் அரைச்சா. ஒரே அம்மில அரைச்ச மஞ்சளு, குதிரைக்குப் பூசுனாளே, அதே அம்மி. குத்திக் காட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

ரெண்டு நாள் கழிச்சு லாரித் தகரத்துக்கு மேல தேங்கா நாரைப் பரப்பி, சாக்கு போட்டுத் தெச்சு, அதுக்கு மேல மணலு கொட்டி விட்டேன். பின்கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். சாத்துற எடத்துல பழைய டயரை வெட்டி ரப்பர் அடிச்சேன். குதிரைக்காகன்னு நெனச்சுக்காதீங்க. தகரம் துருப்புடிச்சா வண்டி வெலை போகாது.

அதுக்கப்பறம் சம்பத்து ஓட்டுனான். மொத நாள் குளத்தைச் சுத்தி. அடுத்த நாள் சென்னிமலை அடிவாரம் வரைக்கும். எறக்கி, சோளத்தட்டுப் போட்டு, மறுபடி ஏத்தி. நான் ஒவ்வொரு நாளும் மோட்டார் ரூம்ல இருந்து பாத்தேன். ஜன்னல் இருக்குது அதுல. மகாராணி காதைத்தான் பாப்பேன். காது முன்னால நிமிந்திருந்தா தைரியமா இருக்குதுன்னு அர்த்தம். பின்னால படிஞ்சா பயந்துக்கிச்சு. இது அப்பாச்சிக்குத் தெரியாது. எனக்கும் ஆடிக்கு முன்னால தெரியாதுங்க.

இன்னைக்குக் காலைல வந்துருச்சு நாளு. சூளைக்காரன் வேற எட்டு மணிக்கே வந்து வரப்புல உக்காந்துக்கிட்டான், ஏறலைன்னா கையோட கூட்டிட்டுப் போலாம்னு. மயிலாத்தா பட்டுச்சீலை கட்டிக்கிட்டு, தோளுக்குப் பக்கத்துல நின்னு, "வா கண்ணு"ன்னா. ஒத்தக் காலு. ரெண்டு. சித்த நின்னுச்சு. மூணு. நாலு. ஏறிருச்சுங்க! கயித்துல தொய்வு தொங்குது, ஒரு விரல் இழுப்புக் கெடையாது. அதாவே ஏறி நின்னு, தலையை மட்டும் திருப்பி, சூளைக்காரனைப் பாக்குது.

என்னால முடியலைங்க. மோட்டார் ரூமை விட்டு ஓடி வந்துட்டேன். ரெண்டு கையையும் தட்டி, "சபாஷ்! ஏறு! அப்படித்தான் ஏறு!"ன்னு கத்திட்டேன்.

சந்தோசத்துலதான் கத்துனேன். சத்தியமாச் சந்தோசத்துல. ஆனா பாருங்க, சந்தோசத்துலயும் எனக்கு அதே தொண்டைதான் இருக்குது.

மகாராணி காது ரெண்டும் படிஞ்சுது. பின்னால நகந்து, மயிலாத்தாவைத் தள்ளிக்கிட்டு, கீழ வந்துருச்சு. உடம்பெல்லாம் நடுக்கம். சூளைக்காரன் எந்திரிச்சு வேட்டில மண்ணைத் தட்டறான். சம்பத்து கிளீனர் துணியைக் கீழ வீசிட்டு, "போச்சு மச்சான், போச்சு"ங்கறான். மயிலாத்தா என்னைத் திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருக்கலாம். அவ குதிரை கழுத்தைத் தடவிக்கிட்டே, மேட்டுல இருந்த இந்தப் பையை எடுத்து என் கைல குடுத்தா.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. இதைக் கொண்டு வந்துருங்க"ன்னா.

நானாத்தான் கெளம்புனேன். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்லைங்களா? ஏறுனா பஸ்லன்னு சொல்லியிருந்தேன். ஏறுச்சு. எறங்குச்சுங்கறது வேற கணக்கு.

பஸ் ஸ்டாப்புக்கு அந்தப்பக்கம் ஒரு புளியமரம் இருக்குது. அதுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன், வெய்யலுக்காக. ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம் நின்னேன். மூணு பஸ்ஸு போச்சு, ஏறலை. அப்பறம் சம்பத்து லாரி வந்துச்சு, நத்தை மாதிரி. பக்கப் பலகைக்கு மேல வெள்ளையா ரெண்டு காது. எண்ணிப் பாத்தேன். ரெண்டும் முன்னால. அப்பறந்தான் நான் பஸ் ஏறுனேன்.

இருங்க. அந்த வளைவுல போறது... நீல லாரி, பின்னால வாழை மட்டை கட்டியிருக்குது... ஐயோ, இவன் ஆரன்ல கையை வெக்கறானே. சித்தப் பையைப் புடிங்க. ஏனுங்க! டிரைவரு! ஆரன் அடிக்காதீங்க! கையைக் கும்பிடறேன், ஆரன் வேண்டாமுங்க. முன்னால குதிரை போகுது. அந்தப் பாலம் வரைக்கும் பின்னாலயே போங்க, பாலத்துக்கு அக்கட்ட ரோடு அகலம்...

வந்துட்டேங்க. பையைக் குடுங்க. கேட்டீங்களா என்ன சொன்னான்னு? "பெரியவரே, உங்க குதிரைக்குப் பின்னால ஊர்வலம் போறதுக்கா இத்தனை பேரு டிக்கெட் வாங்கியிருக்காங்க?"ங்கறான். பின்சீட்டுல ஒருத்தன், "தாலி கட்டறதுக்குள்ள போயிருவமா, வளைகாப்புக்குத்தான் போவமா?"ங்கறான். பேசட்டும். மெதுவாப் போறானில்லை? அது போதும். என்னைக் கேட்டா இவனுக்கு வண்டி ஓட்டவே தெரியலை. பின்னால நிக்கற உசுரு என்ன பாடு படும்னு ஒரு நெனப்பு வேண்டாமா ஓட்டறவனுக்கு? முப்பது வருஷம் ஓட்டிருக்கேன், எனக்குத்...

சரி, விடுங்க.

பாலம் வந்துருச்சு. இப்பத் தாண்டப் போறான். நீங்க ஜன்னல் பக்கம் நல்லா நிமிந்து உக்காருங்க. நான் குனிஞ்சுக்கறேன். இல்லைங்க, எதையும் கீழ போடலை. அது என்னைப் பாக்க வேண்டாம். நீங்க பாத்துச் சொல்லுங்க. காது எப்படி இருக்குது? முன்னாலயா? ரெண்டுமா? நல்லாப் பாத்தீங்களா? காலு நாலும் விரிச்சு ஊணி நிக்குதா? சரி. மயிலாத்தா எங்க இருக்கா, சம்பத்து பக்கத்துலயா? பின்னாலயா! மணலு மேலயா நிக்கறா? கம்பியைப் புடிச்சிருக்காளா?

புடிக்கலையா.

புடிக்க மாட்டா. எனக்குத் தெரியும். பட்டுச்சீலைங்க அது, எங்க கண்ணாலத்துச் சீலை.

தாண்டியாச்சா? எந்திரிக்கலாமா? இந்த முட்டி வேற.

இந்தா, கோபி வந்துருச்சு. நீங்க மண்டபத்து ஸ்டாப்புல எறங்குவீங்க. நான் இங்கயே எறங்கிக்கறேன். வேலை இருக்குதுங்க. என்ன வேலைன்னா... இருக்குது ஒரு வேலை. எறங்கறது பெருசில்லைங்க, நல்லாவே எறங்கிரும். ராத்திரிக்குள்ள அது திரும்ப ஏறணும். அந்நிய ஊரு, கூட்டம், கொட்டு. அதுல நான் வேற எதுக்கு? சூளைக்காரன் நாளைக் காலைல மறுபடி வருவான், வந்து லாயத்தைப் பாப்பான்.

உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்தப் பையை மட்டும் கொண்டு போங்க. வாசல்ல பட்டுச்சீலை கட்டிக்கிட்டு ஒரு பொம்பளை குதிரையோட தோளுக்குப் பக்கத்துல நிப்பா. முன்னால நிக்க மாட்டா, தோளுக்குப் பக்கத்துல. அவ கைல குடுங்க. சலங்கை சத்தம் போடாமப் புடிச்சுக்குங்க. பின்பக்கமாப் போகாதீங்க, அதுக்குத் தெரியற மாதிரி பக்கவாட்டுல போங்க. எங்க அந்த மனுசன்னு அவ கேக்க மாட்டா. ஒருவேளை கேட்டா, பஸ்ல வந்தாரு, பஸ்லயே திரும்பிட்டாருன்னு சொல்லுங்க.

மெதுவாச் சொல்லுங்க. என் பேரைச் சொல்ல வேண்டாம். பக்கத்துல குதிரை நிக்கும். அதுக்கு என் பேரு தெரியும்.